ஒரே சுருதி

பாளையங்கோட்டையில் மாலை கீபோர்டு வகுப்பில் ஒரே ஞானப்பாட்டை ஐந்து மாதம் பழகினேன். விரல் வலித்த நாட்களை முன்னேற்றம் என்று டைரியில் குறித்தேன். உடன் படித்த ஹெப்ரான் விளம்பரப் பாட்டு, பஸ் ஹாரன் என்று எதையாவது வாசித்துச் சிரிப்பான்.

"ஏலே ஜோஷுவா, பாட்டு வாசிக்கியா, தண்டனை அனுபவிக்கியா?" என்பான். விளையாட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று எங்கள் சர்ச்சில், எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகையின் ஆராதனையில் அந்தப் பாட்டை வாசிக்கும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. நான் தொடங்குமுன்பே சபையார் வேறு சுருதியில் பாட ஆரம்பித்துவிட்டார்கள். பழகிய சுருதியைத் தவிர எனக்கு வேறு தெரியாது. கை நின்றுவிட்டது.

"பைய நகருலே" என்று ஹெப்ரான் பக்கத்தில் உட்கார்ந்தான். இரண்டு கட்டைகளைத் தட்டிப் பார்த்து அவர்களோடு சேர்ந்துகொண்டான்.

வேறு வேலையில்லாமல் நானும் பாடினேன். இந்த ஐந்து மாதத்தில் அந்தப் பாட்டை ஒருமுறைகூட நான் பாடிப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.