முக்காப் படம்

ஏற்காட்டு மலைமேல் இருக்கிற கொட்டச்சேட்டுச் சனம் அந்தக் காலத்தில் எந்தப் படத்தையும் முழுசாகப் பார்த்ததில்லை. எல்லாம் முக்காப் படந்தான். ஆசைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, அந்தப் பாழாய்ப்போன பஸ்ஸால் வந்த வினை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலத்துக்கு இறங்கி, சாமான் சட்டெல்லாம் வாங்கிக்கொண்டு மத்தியான ஆட்டத்துக்குப் போய் உட்கார்ந்தால், படம் முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறபோதே ஊருக்குப் போகிற கடைசி பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் ஏற்காடு டவுன் வரைக்கும் வேறு வண்டி உண்டு. ஆனால் அங்கிருந்து காப்பித் தோட்டத்து இருட்டில் காட்டெருமைக்குப் பயந்துகொண்டு எவன் நடப்பான்? அதனால் கதாநாயகன் தூக்குக் கயிற்றுக்குக் கீழே நின்றாலும் சரி, நம்ம சனம் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடும்.

பஸ் வந்து நிற்கிற இடம் பாலசுப்பிரமணியத்தின் மளிகைக் கடை. டீயும் உண்டு. இறங்கியதும் ஆளுக்கொரு கிளாஸை வாங்கிக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்கள். பாட்டு நல்லாயிருக்கு, சண்டை சொத்தை, அந்தப் பொண்ணு அழுதா பார்க்கச் சகிக்கலை என்று விடிய விடியப் பேசலாம் போலப் பேசுவார்கள். கடைசியில் என்ன ஆச்சு என்பதை மட்டும் அவரவர் இஷ்டத்துக்கு முடித்துக்கொள்வார்கள். எவனும் பார்க்கவில்லை, அதனால் எவனும் எவனையும் பொய்க்காரன் என்று சொல்ல முடியாது. என்ன ஒரு சௌகரியம்!

கடைக்குப் பின்கட்டில் போண்டா போட்டுக்கொண்டே இதையெல்லாம் கேட்டுக் கேட்டு வயிறெரிந்துகொண்டிருந்தாள் கமலா. பாலசுப்பிரமணியத்தின் பெண்டாட்டி. அவளுக்குப் பிறந்த ஊர் ஆத்தூர். அம்மா வீட்டுக்குப் பின்னாலேயே சினிமாக் கொட்டகை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு படம் விட்டதில்லை. மலையேறி நாலு வருஷமாகிறது, முக்காப் படத்துக்குக்கூட வழியில்லாமல் போயிற்று. புருஷன் அப்படி.

மனுஷனைப் பொதுவாகக் குறை சொல்ல முடியாது. தராசில் கை வைக்க மாட்டார், குடிக்க மாட்டார், பெண்டாட்டியைக் கை நீட்டி அடித்ததில்லை. சினிமா என்று சொன்னால் மட்டும் சாமி வந்துவிடும்.

"சினிமாப் பாக்கறவன் ஊடு வெளங்குமா? இருட்டுக்குள்ள உக்காந்து எவனோ அழுவுறதுக்கு இவனுகளும் சேந்து அழுவுறானுக. கேவலம்!" என்பார். "ஏனுங்க, ஒரே ஒரு படமுங்க" என்று கமலா கெஞ்சினால், "கடைய யாரு பாக்கறது?" என்று பேச்சை முடித்துவிடுவார். தீபாவளிக்கு அம்மா வீட்டுக்குப் போனாலும் நிழல் மாதிரி கூடவே வந்து கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவள் அழுதும் பார்த்தாள், சோறு தின்னாமல் கிடந்தும் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

அந்த வருஷம் சேலத்தில் ஒரு அண்ணன் தங்கச்சிப் படம் சக்கைப்போடு போட்டது. தங்கச்சி செய்த தப்புக்கு வண்டிக்கார அண்ணன் ஜெயிலுக்குப் போகிறான். அங்கே வைத்தியம் பார்க்க வருகிற டாக்டரம்மாளுக்கு அவன் மேல் இரக்கம். தங்கச்சி பெரிய இடத்தில் வாக்கப்படுகிறாள். அண்ணன் தாடியும் மீசையுமாய் விடுதலையாகி வந்து, கொட்டுகிற மழையில் தங்கச்சி வீட்டு வாசலில் நிற்கிறான். அவ்வளவுதான் கொட்டச்சேட்டுக்குத் தெரியும். அந்த மழையோடு பஸ்ஸுக்கு நேரமாகிவிடும்.

"அவன் அங்கயே செத்துருவானுங்க" என்றாள் ராசம்மாள். எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறவள். சாவு இல்லாத படம் அவளுக்குப் படமே இல்லை.

"அடப் போக்கா. அந்த டாக்டரம்மாளக் கட்டிக்குவான்" என்றாள் அருக்காணி. அவளுக்கு எல்லாம் கல்யாணத்தில் முடிந்தாக வேண்டும்.

அன்றைக்கு ராத்திரி சோறு போடுகிறபோது கமலா சும்மா சொல்லிவைத்தாள். "பாவமுங்க அந்த அண்ணன். வாசல்லயே செத்துப் போயிட்டானாமா."

"எவ சொன்னா?"

கவளத்தை வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றுவிட்டது. குரலில் என்ன ஒரு பதைப்பு! கமலா நிமிர்ந்து பார்த்தாள். பாலசுப்பிரமணியம் அவசரமாக ரசத்தை ஊற்றச் சொன்னார். "எனக்கென்ன, செத்தா சாவட்டும், கருமம்" என்று முணுமுணுத்தார். ஆனால் அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை அவருக்கு.

கமலாவுக்குப் பொறி தட்டியது. வாராவாரம் புதன்கிழமை மனுஷன் சேலத்துக்குச் சரக்கு எடுக்கப் போவார். மண்டியில் வேலை முடிய இருட்டிப்போகும் என்று அக்கா வீட்டில் தங்கிவிட்டு மறுநாள் ஜீப்பில் சரக்கோடு வருவார். நாலு வருஷமாக அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மூணு மூட்டை அரிசியும் ஒரு டின் எண்ணெயும் எடுக்க அப்படி என்ன இருட்டுகிற வரைக்கும் வேலை?

அடப்பாவி மனுஷா, என்று அன்றைக்கு விடிகிறவரை புரண்டு புரண்டு படுத்தாள். இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் ஒத்துக்கொள்கிற ஆளா அவர்? மறுநாள் ராசம்மாளையும் அருக்காணியையும் கிணற்றடியில் பிடித்து விஷயத்தைச் சொன்னாள். ராசம்மாள் சிரித்த சிரிப்பில் குடம் நழுவிக் கிணற்றுக்குள் விழுந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் வந்தது. கடை முன்னால் கூட்டம். பாலசுப்பிரமணியம் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். கமலா பின்கட்டுக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு, கரண்டியும் கையுமாய் நின்றாள்.

"நான் இன்னொருக்கா பாத்துட்டு வந்தேனுங்க" என்று ராசம்மாள் ஆரம்பித்தாள். "எனக்கு இப்பத்தான் வெளங்குச்சு. அந்தத் தங்கச்சிக்காரி அண்ணன் மேல நாய ஏவி உட்டுருவா."

 பாலசுப்பிரமணியம் ஆற்றின டீ கிளாஸுக்கு வெளியே கொஞ்சம் சிந்தியது.

"நாயெல்லாம் இல்லீங்க" என்றாள் அருக்காணி. "அவ புருசங்காரன் வந்து காசத் தூக்கி மூஞ்சில வீசுவான். அண்ணன் அதப் பொறுக்கிக்கிட்டு நேராச் சாராயக் கடைக்குப் போயிருவான்."

"சாராயக் கடைக்கா?" என்றார் பாலசுப்பிரமணியம், தாங்க முடியாமல். உடனே வாயை மூடிக்கொண்டு சர்க்கரை போட்டார். ஒரே கிளாஸுக்கு மூணு தடவை போட்டார். அந்த டீயை வாங்கின சின்னன் நல்ல மனுஷன், ஒன்றும் சொல்லாமல் குடித்தான்.

சின்னனுக்கு இந்தச் சூழ்ச்சி எதுவும் தெரியாது. மலைமேல் கேழ்வரகும் கொஞ்சம் காப்பியும் போடுகிற விவசாயி, படம் பார்க்கப் போனால் மனுஷரை விட்டுவிட்டு ஆடு மாட்டைத்தான் பார்ப்பான். அவன் பாட்டுக்கு யோசித்து யோசித்துச் சொன்னான். "எனக்கு அந்த மாட்டு நெனப்பாவே இருக்குதுங்க. அண்ணன் வளத்த மாடு தங்கச்சி ஊட்டுக் கொட்டாயில கட்டிக் கெடக்குதில்ல? வயசாயிப் போச்சு. அத அனேகமா அடிமாட்டுக்கு வித்துருப்பாங்க."

டங்கென்று டீ வடிகட்டி பாய்லர் மேல் விழுந்தது.

"அட, அறிவிருக்குதாய்யா உனக்கு? அடிமாட்டுக்கு எவன்யா வித்தான்?" பாலசுப்பிரமணியத்துக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "அந்த மாடுய்யா! அந்த மாடு இல்லாட்டி படமே இல்ல! தங்கச்சி வெளிய வந்து, எவனோ பிச்சக்காரன்னு நெனச்சு ஒரு சொம்புத் தண்ணி குடுப்பா. அவன் குடிச்சுட்டு ஒரு வார்த்த பேசாமத் திரும்பி நடப்பான். அப்ப அந்த மாடு, கயித்த அத்துக்கிட்டு, மழையில அவன் பின்னாலயே போவும். அதப் பாத்துத்தான் அவளுக்குத் தெரியும், இது நம்ம அண்ணன்னு. ஓடுவா பாரு... சேத்துல உளுந்து எந்திரிச்சு ஓடுவா..."

குரல் கம்மிப்போய் நிறுத்தினார்.  கிளாஸைக் கீழே வைக்கக்கூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

அருக்காணிதான் மெதுவாகக் கேட்டாள். "ஏனுங்க மொதலாளி, அப்பப் பஸ்ஸு?"

அந்த ஊரில் ஒருத்தனைத் திருடன் என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். கிளைமாக்ஸ் தெரிந்தவன் பஸ்ஸை விட்டவன். வேண்டுமென்றே விட்டவன். சனம் கொல்லென்று சிரித்தது. ராசம்மாள் தரையில் உட்கார்ந்து தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

"எங்கக்கா சொல்லுச்சு, அது பாத்துட்டு வந்து..." என்று மனுஷன் குழறினார்.

கமலா கரண்டியோடு வெளியே வந்தாள். "உங்கக்காளுக்குக் கண்ணுல பொரை உளுந்து ரெண்டு வருசமாச்சுங்களே. அவுங்களா மாட்டப் பாத்தாங்க?"

அவருக்குப் போக வழியில்லை. முன்னால் கூட்டம், பின்னால் கரண்டி.

கூட்டம் கலைந்ததும் கமலா சிரிக்கவில்லை. சிரிப்புத்தான் வரும் என்று நினைத்திருந்தாள், அழுகைதான் வந்தது. "நாலு வருசமுங்க. போண்டா போட்டுக்கிட்டே கத கேட்டனுங்க. நீங்க மட்டும் போய் உக்காந்து பாத்துட்டு, எனக்கு ஊடு வெளங்காதுன்னு சொன்னீங்களே. உங்களுக்கு எப்படீங்க மனசு வந்துச்சு?" என்றாள். அவர் தராசுத் தட்டைத் துடைத்தபடியே, "புதங்கெழம வா, போலாம்" என்றார். 

புதன்கிழமை கடையை ராசம்மாள் பார்த்துக்கொண்டாள். கமலா கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு இறங்கினாள். வளைவுக்கு வளைவு மல்லிகைப்பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பாலசுப்பிரமணியம்தான் ஒரு மாதிரி இருந்தார். தோளில் குளிக்கிற துண்டு மாதிரி ஒரு பெரிய துண்டு. வெயிலுக்கு என்றார். வானம் மூடிக்கிடந்தது.

தியேட்டர் வாசலில் முறுக்குத் தட்டோடு நின்ற ஆள் அவரைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "வாங்கண்ணா! இந்த வாரமுமா? துண்டு கொண்டாந்துட்டீங்களா?"

"ஆரு நீ?" என்று அவர் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

இந்த வாரமுமா? கமலா அதை மனசுக்குள் முடிந்துவைத்துக்கொண்டாள்.

படம் ஓடியது. கமலா பாட்டுக்குத் தாளம் போட்டாள், வில்லனைத் திட்டினாள், முறுக்கு ரெண்டு பொட்டலம் தின்றாள். அண்ணன் ஜெயிலிலிருந்து வெளியே வந்தான். மழை பிடித்தது. எங்கேயோ கொட்டச்சேட்டு பஸ் கிளம்புகிற நேரம். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. போடா பஸ்ஸே, போ!

"நீ பாத்துக்கிட்டு இரு. நான் போய் ஒரு சோடா குடிச்சுட்டு வாரேன்" என்று பாலசுப்பிரமணியம் எழுந்தார்.

"இத்தன வாரம் பாத்துட்டு, மாடு வர்ற நேரத்துக்கா சோடா?" என்று கமலா அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள்.

தங்கச்சி தண்ணீர் கொடுத்தாள். அண்ணன் திரும்பி நடந்தான். மாடு தலையைத் தூக்கியது. அப்போது பக்கத்தில் ஒரு சத்தம். முதலில் யாருக்கோ விக்கல் என்று நினைத்தாள். அப்புறம்தான் தெரிந்தது. தராசும் கையுமாய் நின்று ஊரையே அதட்டுகிற மனுஷன், துண்டை வாயில் திணித்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தார். முன்வரிசைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாடு கயிற்றை அறுத்தபோது "ஐயோ சாமி" என்று வாய்விட்டே கத்திவிட்டார்.

வணக்கம் போட்டு விளக்கு எரிந்தது. அவர் தலை நிமிரவில்லை.

"எங்கய்யா செத்தப்பக்கூட ஒரு சொட்டு வரல புள்ள" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "இங்க வந்து உக்காந்தா மட்டும் எங்கிருந்துதான் வருதோ. எந்தப் படமானாலும் இதே கூத்துதான். நீ பாத்தா என்னைய என்னன்னு நெனப்ப? அதான்."

கமலாவுக்கு அத்தனை நாள் கோபமும் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. இதற்காகவா, இதற்காகவா இந்த மனுஷன் நாலு வருஷம்! முந்தானையை எடுத்து அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். துடைத்துக்கொண்டே சிரித்தாள். சிரிப்பை அடக்கவே முடியவில்லை.

"ஊர்ல சொல்லீராத கமலா" என்றார்.

"சொல்லுவனுங்களா?" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை முன்னால் என்றைக்கும் இல்லாத கூட்டம். கொட்டச்சேட்டிலிருந்து கிளைமாக்ஸைப் பார்த்த முதல் பொம்பளை அல்லவா? பக்கத்து ஊர் கரடியூரிலிருந்துகூட ரெண்டு பேர் வந்திருந்தார்கள். கமலா பின்கட்டில் நிற்கவில்லை. கடைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

தண்ணீர் கொடுத்ததைச் சொன்னாள். மாடு வந்ததைச் சொன்னாள். சின்னன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவனுக்கு வெட்கமெல்லாம் இல்லை.

"அட, அவர் சொன்னதேதானா? வேற விசேசம் ஒண்ணும் இல்லீங்களா?" என்றாள் ராசம்மாள்.

"இருக்குதே" என்றாள் கமலா. "படத்த உடுங்க, தியேட்டருக்குள்ள ஒரு கூத்து நடந்துச்சு பாருங்க. மாடு கயித்த அத்துக்கிட்டு வர்ற நேரம், எனக்குப் பக்கத்துல ஒருத்தரு..."

பாய்லர் பக்கம் டீ ஆற்றுகிற சத்தம் நின்றுவிட்டது. பாலசுப்பிரமணியம் ஒரு கையைத் தூக்கியது தூக்கியபடி, இன்னொரு கையைத் தாழ்த்தியது தாழ்த்தியபடி நின்றார்.

"யாருங்க? என்ன பண்ணுனாரு?" கூட்டம் நெருங்கி வந்தது.

கமலா திரும்பி அவரைப் பார்த்தாள். "ஏனுங்க, சொல்லட்டுங்களா?"

"கமலா" என்றார் அவர், ஊருக்கே கேட்கிற மாதிரி. "அடுத்த மாசம் புதுப் படம் மாத்தறாங்களாமா. போலாமா?"

"மாசத்துக்கு ஒண்ணுங்களா?"

அவர் தூக்கின கையை இறக்கினார். "ரெண்டு."

"என்னமோ சொல்ல வந்தீங்களே, பக்கத்துல ஒருத்தரு என்ன பண்ணுனாரு?" என்று அருக்காணி உலுக்கினாள்.

"முறுக்குத் தின்னாரு" என்றாள் கமலா. "நொம்பச் சத்தமாத் தின்னாரு. வேற ஒண்ணுமில்ல."