குளியலறைக் கதவில் ஒரு சர்வீஸ் கார்டு

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். நாற்பத்தொரு வயது. வேலையில் அவனுக்கு ஆகவே ஆகாத ஒரு கூட்டம் உண்டு: மொட்டைமாடி மெஷின் அறைக்கு ஏறாமலேயே, கீழே உட்கார்ந்து டீ குடித்தபடி சர்வீஸ் கார்டில் டிக் போடுகிறவர்கள். அவர்களைப் பற்றி வாயைத் திறந்தால் தட்டில் சாப்பாடு ஆறிவிடும்.

அப்படிப்பட்டவன் மூன்று மாதமாக என் வீட்டு சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். மனச்சோர்வு என்றார் டாக்டரம்மா. மாத்திரை கொடுத்தார். அடுத்த முறை போனபோது, தினமும் செய்ய ஐந்து காரியங்களும் சொன்னார்: பல் தேய்ப்பது, குளிப்பது, வேளைக்குச் சாப்பிடுவது, பத்து நிமிஷம் வெளியே நடப்பது, யாராவது ஒருவரோடு பேசுவது. இதெல்லாம் ஒரு வைத்தியமா என்று எனக்கு இளக்காரமாகத்தான் இருந்தது. பல் தேய்க்க எழுந்திருக்கவே அவனுக்கு அரை நாள் பிடிக்கிறது என்று பிறகுதான் கண்ணில் பட்டது.

தன் வேலைப் பையில் கிடந்த சர்வீஸ் கார்டு ஒன்றை எடுத்து, ரோப், பிரேக், கதவு என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு, பல், குளியல் என்று எழுதிக் குளியலறைக் கதவில் அவனே ஒட்டினான். இரண்டு வாரமாக ஒரு கட்டம் விடாமல் டிக் விழுந்தது. பகலெல்லாம் கடையில் அடுத்தவர் பேண்டுக்கு விளிம்பு தைத்துவிட்டு வந்து அதைப் பார்த்தால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும். "இப்படியே போனா சனிக்கிழமை மாத்திரையைக் குறைச்சிடலாம்" என்று டாக்டரம்மாவும் போனில் சொல்லியிருந்தார்.

வியாழன் மாலை கை கழுவப் போனேன். வெள்ளிக்கிழமைக்கும் ஐந்து டிக் போட்டிருந்தது.

துண்டைத் தொட்டேன். காய்ந்து மொடமொடவென்றிருந்தது. அவன் செருப்பின் மேல் தூசி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. இதை நம்பி மாத்திரையைக் குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததும் கோபம் போய்ப் பயம் வந்தது.

கார்டைப் பிய்த்துக்கொண்டு போய் அவன் முன்னால் நீட்டினேன்.

"நாளைக்கும் குளிச்சாச்சா? எனக்குத் தெரியாம போச்சே."

எழுந்து உட்கார்ந்து கார்டை வாங்கிக்கொண்டான்.

"முதல் அஞ்சு நாள் நிஜமாவே செஞ்சேன்க்கா. ஆறாம் நாள் முடியல. காலியா இருந்தா நீ இடிஞ்சு போயிடுவேன்னு ஒண்ணு போட்டேன். அப்புறம் மொத்தமா போட்டுட்டேன்."

"கீழ உக்காந்து டிக் போடுறவனை என்ன சொல்லித் திட்டுவ?"

"அந்தக் கார்டை நம்பித்தானே ஆளுங்க ஏறுறாங்கன்னு."

சொல்லிவிட்டு அழுதான். நானும் அழுதேன். தினமும் கார்டைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தவள் நான்தானே.

மூக்கைச் சிந்திவிட்டுக் கேட்டேன். "மெஷின் ரூம் பூட்டிக் கிடந்தா கார்டுல என்ன எழுதுவ?"

"கட்டத்தைக் காலியா விட்டுட்டு பக்கத்துல காரணம் எழுதணும். அடுத்து வர்றவனுக்குத் தெரியணும்ல."

"இங்க அடுத்து வர்றவ நான்தான். எழுது."

சனிக்கிழமை இரண்டு கார்டையும் அவனே டாக்டரம்மாவிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னான். அவர் மாத்திரையைக் குறைக்கவில்லை. ஒரே ஒரு நாள் எழுதியிருந்த புதிய கார்டைத்தான் வெகுநேரம் படித்தார். குளியல்: இல்லை, நிற்கத் தெம்பில்லை, முகம் மட்டும் கழுவினேன். நடை: வாசல் வரை. பேச்சு: அக்கா திட்டினாள், நானும் திட்டினேன். கடைசி வரிக்கு அவரே ஒரு டிக் போட்டுக் கொடுத்தார்.

ஒரு மாதம் ஆயிற்று. காரணங்கள் சில வாரம் குறைகின்றன, சில வாரம் கூடுகின்றன. நேற்று நடைக்கு நேராக இப்படி இருந்தது: "இருபது நிமிஷம். எதிர்க் கட்டடத்து லிஃப்ட் கதவு சரியாக மூடவில்லை. வாட்ச்மேனிடம் சொன்னேன்." மூன்று மாதம் சுவரைத் தவிர எதையும் பார்க்காதவன், ஒரு கதவைப் பார்த்திருக்கிறான்.

துண்டைத் தொடக் கூடாது என்று நினைத்தும் தொட்டேன். ஈரமாக இருந்தது. கார்டில் நாளைக்கான ஐந்து கட்டமும் காலியாக இருந்தன. நிம்மதியாகப் பல் தேய்த்துவிட்டுப் படுக்கப் போனேன்.