பீரோவில் பூட்டிய ஷாக் பெட்டி

எல்லோருக்கும் வணக்கம். உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது? பிரஷர் மாத்திரை போட்டாயிற்றா? இல்லையென்றால் முதலில் போட்டுக்கொண்டு வந்து இதைப் படியுங்கள்.

நன்னிலம் பக்கத்தில் பிரகதாம்பாளுக்குச் சொந்தமாக ஒரு கல்யாண மண்டபம். அன்றைக்கு அங்கே வளைகாப்பு. இரண்டாம் பந்தி நடக்கிறது. அவள் தம்பி பஞ்சநதம் பாயச வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாக ஓடுகிறார்.

"என்ன மாமா, கையால மறைக்கிறீங்க? சக்கரை எனக்குத்தான், உங்களுக்கு இல்ல!"

சொன்ன வாய் மூடவில்லை. வாளி உருண்டது. ஆளும் சாய்ந்தார். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"வலிப்பு! இரும்பக் குடுங்க!"

பிரகதாம்பாள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை உருவித் தம்பியின் கைக்குள் திணித்தாள். யாரோ ஒரு சொம்புத் தண்ணீரை அவர் மேல் ஊற்றினார்கள். சற்று நேரத்தில் இழுப்பு நின்றது.

"பாத்தீங்களா, நின்னுடுச்சு. இனிமே எந்திரிச்சிருவாரு."

சாப்பிட வந்திருந்த நர்ஸ் ஹாஃபிஸா எச்சில் கையோடு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். மூக்கருகே குனிந்து பார்த்தாள்.

"நகருங்க! இது வலிப்பு இல்ல. மூச்சே இல்ல. 108க்கு அடிங்க!" இரண்டு கையாலும் நெஞ்சை அமுக்கத் தொடங்கினாள். "ஆன்ட்டி, நெஞ்சுக்கு ஷாக் குடுக்குற மிஷின் இருக்கா?"

இருந்தது. சிங்கப்பூரிலிருக்கும் மகன் சூர்யபிரகாஷ் வாங்கிக் கொடுத்து, "கண்ணுல படுற எடத்துல மாட்டும்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். எவனாவது தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று அவள் அதை மாடி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

மாடிக்கு ஓடினாள். பீரோ முன்னால் நின்று இடுப்பைத் தடவினாள். சாவி இல்லை. மேசையில் இல்லை, ஆணியில் இல்லை. கீழே ஹாஃபிஸா எண்ணிக்கொண்டே அமுக்கும் குரல் கேட்கிறது, சாவி எங்கே என்றுதான் ஞாபகம் வரவில்லை. அவளே தம்பி கையில் திணித்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

இறங்கி ஓடினாள். தம்பியின் கை விரிந்து கிடந்தது. உள்ளங்கையில் கொத்து. எடுக்கும்போது அவர் விரல் நுனி நீலமாக இருப்பதைப் பார்த்துவிட்டாள். மறுபடி மாடி. முதல் சாவி நுழையவில்லை, இரண்டாவது திரும்பவில்லை. மூன்றாவதில்தான் கதவு திறந்தது. பட்டுப்புடவைகளை வாரி எறிந்து பெட்டியை எடுத்தாள்.

ஹாஃபிஸா சட்டையைக் கிழித்தாள். "ஈரமா இருக்கே, துண்டக் குடுங்க!" துடைத்து, பெட்டியிலிருந்த இரண்டு பட்டைகளை நெஞ்சில் ஒட்டினாள். ஷாக் கொடுக்கச் சொல்லிப் பெட்டி பேசியது.

"யாரும் தொடாதீங்க!" ஹாஃபிஸா பொத்தானைத் தட்டினாள்.

உடம்பு ஒரு தூக்குத் தூக்கிப் போட்டது. மறுபடி நெஞ்சை அமுக்கினாள். எவ்வளவு நேரமோ, பஞ்சநதத்தின் தொண்டையிலிருந்து ஒரு முனகல் வந்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண் திறந்தார். அக்காவைப் பார்த்து, "நீங்க யாரு?" என்று கேட்டார். மூளைக்குக் கொஞ்ச நேரம் ரத்தம் போகவில்லை, நினைவு மெதுவாகத்தான் திரும்பும் என்றார் டாக்டர். எவ்வளவு திரும்பும் என்று அவராலும் சொல்ல முடியவில்லை.

அடுத்த வாரம் அந்த வட்டாரத்து மண்டபக்காரர்கள் கூடினார்கள். பிரகதாம்பாள் எழுந்து, எல்லா மண்டபத்திலும் பெட்டி வைக்க வேண்டும் என்றாள்.

"சட்டம் போடட்டும் அக்கா, அப்புறம் பாப்போம்" என்றார் பக்கத்து ஊர் ராஜ்குமார்.

"சட்டம் வரணும், நானே மனு எழுதிருக்கேன். மண்டபம், மில்லு, ஆபீசு, நாலு பேர் கூடுற எல்லா எடத்துலயும் கட்டாயமாக்கணும். ஆனா சட்டம் வர்ற வரைக்கும் நெஞ்சு காத்திருக்குமா தம்பி? வாங்குனா மட்டும் போதாது. பூட்டக் கூடாது, எல்லாருக்கும் பழக்கி விடணும். பெட்டி இருந்தும் பூட்டி வச்சவ நான். என் தம்பி என்னை அக்கான்னு கூப்பிட்டு இன்னையோட எட்டு நாளாச்சு."

ராஜ்குமார் தலை குனிந்து, மனுவில் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டார்.

நீங்கள் வேலை செய்யும் இடத்தில் இந்தப் பெட்டி இருக்கிறதா, திறந்தா, பூட்டியா? உங்கள் கண்ணெதிரே யாராவது இப்படி விழுந்திருக்கிறார்களா, என்ன செய்தீர்கள்? கூச்சப்படாமல் எழுதுங்கள். செய்யத் தெரியாமல் நின்றதைக்கூட எழுதுங்கள்.