முருகனுக்குள் ஒரு முதுகெலும்பு

காளிராஜ் அண்ணாச்சிக்கு வேலையைத் தள்ளிப்போடுவது பிடிக்காது. சிவகாசியில் அவருடைய ஆப்செட் பிரஸ்ஸில் காலண்டர் ஆர்டர் கொடுத்துவிட்டு, என்ன ஆச்சு என்று கேட்டு யாரும் போன் போட்டதில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷர் ஒரே ஒரு காரியத்தில் மட்டும் ஒரு வருஷமாகச் சாக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது மகள் சுகிர்தாவின் ஆபரேஷன்.

சுகிர்தா பத்தாம் வகுப்பு. வாய் கொஞ்சம் நீளம், அது அம்மா வழி. அவளுடைய முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துகொண்டே வந்தது. முதலில் ஒரு தோள் லேசாக இறங்கியது. புத்தகப் பையின் கனம் என்று நினைத்துப் பையை மாற்றினார்கள். பிறகு சட்டை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. தையல்காரருக்குத் திட்டு விழுந்தது. கடைசியில் அவள் அம்மா பாலம்மாள் ஒரு சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடும்போது மகளின் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மதுரையில் எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி நிதானமாக விளக்கினார். இதில் யார் தப்பும் இல்லை, பிள்ளை வளர வளர வளைவும் கூடும், இப்படியே விட்டால் நுரையீரலுக்கு இடம் போதாமல் மூச்சு முட்டும் என்றார். எலும்புகளை நிமிர்த்திக் கம்பி வைத்துவிட்டால் அவை ஒன்றோடொன்று கூடி ஒட்டிக்கொள்ளும், வளைவு அதோடு நின்றுவிடும் என்றும் சொன்னார். ஆனால் தண்டுவடத்தை ஒட்டிச் செய்கிற வேலை, ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. பாலம்மாள் படத்தை உற்றுப் பார்த்தாள். காளிராஜ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எலும்பு என்றால் அவருக்குச் சுடுகாடு. அவருடைய அப்பாவை எரித்த மறுநாள் சாம்பலில் பால் தெளித்து, கால் பக்கமிருந்து தலை வரைக்கும் எலும்பைப் பொறுக்கிக் கலயத்தில் போட்டவர் அவர். செத்தவர் எலும்பைப் பிள்ளை பார்ப்பது முறை. உயிரோடு இருக்கிற பிள்ளையின் எலும்பைத் தகப்பன் பார்ப்பது என்ன முறை? இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று அவருக்கே தெரியும். அதனால்தான் சாக்குகள். பரீட்சை முடியட்டும் என்றார். பங்குனிப் பொங்கல் போகட்டும், சித்திரை வெயில் தணியட்டும் என்றார். இப்போது ஆடி போகட்டும் என்று நின்றார். இனியும் தள்ளினால் வேலை கடினமாகிவிடும், இந்த மாதக் கடைசிக்குள் முடிவைச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா போனில் கறாராகச் சொல்லியிருந்தார்.

இந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடச் சாமான் விற்கிற கம்பெனி ஒன்று மனித எலும்புக்கூட்டுப் படத்தை அச்சடிக்க ஆர்டர் கொடுத்தது. சுவரில் மாட்டுகிற பெரிய படம். காலண்டர் சீசன் தொடங்கும்போது இது என்ன கருமம் என்று நினைத்தாலும், வந்த ஆர்டரைத் திருப்பி அனுப்புகிற ஊரா இது? அச்சு மாதிரியைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். லென்ஸைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, மைப் புள்ளி சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதாகத்தான் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர், படத்தின் ஓரத்துக் குறிப்புகளைப் படிக்க ஆரம்பித்து, எழுந்திருக்கவில்லை. காதுக்குள் அரிசியைவிடச் சின்னதாக ஓர் எலும்பு இருக்கிறதாம். அது அசைந்தால்தான் கூப்பிடுகிற குரல் உள்ளே போகுமாம். நெஞ்சைச் சுற்றிக் கூடை பின்னியது போல விலா எலும்புகள், மூச்சுக்கு மூச்சு விரிந்து கொடுத்துக்கொண்டே இருதயத்தைக் காவல் காக்கின்றன. உடம்புக்கு வேண்டிய இரத்த அணுக்கள் ஊறுவதே எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜையில்தானாம். எல்லாவற்றையும்விட ஒரு வரி அவரை அசைத்துப் போட்டது. எலும்பு தன்னைத் தானே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, கரைத்த இடத்தில் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்குமாம், ஆயுள் பூராவும். சுடுகாட்டில் மிஞ்சுகிற சாமான் என்று நினைத்திருந்தது, லீவே விடாமல் ஓடுகிற கம்பெனியாக அல்லவா இருக்கிறது! தன் முழங்கையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டார். ஆனால் அந்தப் பிரமிப்பை மகளோடு முடிச்சுப் போட மட்டும் மனசு துணியவில்லை. கையெழுத்தைப் போட்டார், படம் மிஷினில் ஏறி இறங்கியது.

ஆடிப்பதினெட்டு வந்தது. சிவகாசி காலண்டர்க்காரர்களுக்கு அன்றைக்குத்தான் வருஷம் பிறக்கிறது. புது மாதிரிப் படங்களின் ஆல்பத்தை அன்று பூஜை போட்டு வெளியிடுவார்கள். காளிராஜ் பிரஸ்ஸில் இன்னொரு வழக்கமும் உண்டு. மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்தை ஓட்டி, முதல் தாளை முதலாளியே இரண்டு கையாலும் வாங்கி விளக்கு முன்னால் வைக்க வேண்டும். அந்தத் தாள் எப்படி விழுகிறதோ அப்படித்தான் வருஷம் என்பது அங்கே நம்பிக்கை. அந்த வருஷம் முருகன் படம், வேலோடு நிமிர்ந்து நிற்கிற கோலம். பாலம்மாளும் சுகிர்தாவும் பட்டுக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மிஷின்காரர் பெத்தணன் இருபது வருஷத்து ஆள். மை சரியாகப் பிடிக்கும்வரை பழைய வேஸ்ட் தாளை ஓட்டிப் பார்ப்பது பிரஸ் வழக்கம். அப்படி ஓட்டிவிட்டு, மேலே புதுத் தாளை அடுக்கித்தான் முதல் தாளை எடுக்க வேண்டும். பூஜை அவசரத்தில் அவர் புதுத் தாளை அடுக்க மறந்துவிட்டார். கீழே கிடந்த வேஸ்ட் தாள் எது? எலும்புக்கூட்டுப் படம்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இங்கே முருகனை அடிக்க எலும்புக்கூடும் சேர்ந்து வந்தது. எலும்புக்கூட்டின் மேலேயே முருகன் விழுந்திருந்தார். சிரித்த முகத்துக்குள் மண்டை ஓடு. மார்பு மாலைக்கு உள்ளே விலா எலும்பு. காளிராஜ் தாளை இரண்டு கையாலும் வாங்கிவிட்டுத்தான் பார்த்தார். சட்டென்று அதை எட்டப் பிடித்தார். மணி அடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். பின்னால் யாரோ அபசகுனம் என்று முணுமுணுத்தது எல்லாருக்கும் கேட்டது. பெத்தணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"தப்பு நடந்துபோச்சு அண்ணாச்சி. கிழிச்சுப் போட்டுருதேன், கொடுங்க."

கொடுக்கத்தான் போனார் காளிராஜ். ஆபரேஷன் வேண்டாம் என்று முருகனே சொல்லிவிட்டான் என்று மனசுக்குள் ஒரு முடிவும் கட்டியாகிவிட்டது. உண்மையைச் சொன்னால், அந்தப் பயத்துக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. இனி டாக்டரம்மாவிடம் சாக்குத் தேட வேண்டாமே.

ஆனால் சுகிர்தா குறுக்கே வந்து தாளை வாங்கிக்கொண்டாள். அப்பாவைப் பக்கத்து அறைக்கு வரச் சொல்லிக் கூட்டிப்போய், மேஜையில் தாளை விரித்து, அவருடைய லென்ஸை எடுத்து நீட்டினாள். எப்போதும் நிறங்களைப் பார்ப்பது போல, ஒன்றின் மேல் ஒன்று சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னாள். தொழில் புத்தி விடுமா? குனிந்து பார்த்தார். சேர்ந்துதான் இருந்தது. வேல் பிடித்த கைக்கு நேரே கை எலும்பு. மாலைக்கு நடுவே முதுகெலும்பு, கோத்து வைத்தது போல ஒவ்வொன்றாக இறங்கி இடுப்பில் உட்கார்ந்தது. பார்க்கப் பார்க்கப் பயம் தணிந்து வேறு ஏதோ ஒன்று நெஞ்சில் நிறைந்தது. கடவுளே ஆனாலும் மனுஷ உருவத்தில் நிற்க வேண்டுமென்றால், உள்ளே இது வந்து தாங்க வேண்டும்போல என்று நினைத்தார்.

சுகிர்தா திரும்பி நின்று சடையை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இப்ப இங்கன பாருங்கப்பா. ஒரு வருஷமா நீங்க பாக்கவே இல்ல."

பின்கழுத்தில் துருத்திக்கொண்டு நின்ற எலும்பில் அவர் விரலை வைத்தார். மெல்லக் கீழே இறக்கினார். கொஞ்ச தூரம் நேராகப் போன எலும்புகள் வலது பக்கம் விலகின. விலகி விலகித் தோள்பட்டை எலும்பை ஒட்டிப் போய், அங்கிருந்து மனசு மாறியது போலத் திரும்பி, கீழே இடது பக்கம் வளைந்து, கடைசியில் இடுப்புக்கு நடுவே வந்து சேர்ந்தன. அன்றைக்கு டாக்டரம்மா சொன்னது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே காதில் வாங்கியது, இப்போதுதான் புரிந்தது. மேலே ஒரு பக்கம் வளைந்தால் கீழே மறுபக்கம் வளைந்து, தலையை நடுவுக்குக் கொண்டுவந்து நிறுத்த முதுகெலும்பு பாடுபடுமாம். பிள்ளை உலகத்தை நேராகப் பார்க்க வேண்டும் என்பதற்காக, ஒருத்தரும் சொல்லாமல், ஒருத்தருக்கும் தெரியாமல், இத்தனை சின்ன எலும்புகள் மல்லுக்கட்டிக்கொண்டு நின்றிருக்கின்றன. அவருக்குக் கும்பிடத் தோன்றியது.

"அதுங்க தாங்கிக்கிட்டுத்தாம்ப்பா இருக்கு," என்றாள் சுகிர்தா, திரும்பாமலே. "நீங்கதான் தாங்க மாட்டேங்கீக."

காளிராஜ் வெளியே வந்து அந்தத் தாளையே விளக்கு முன்னால் வைத்தார். பெத்தணன் வாயைத் திறக்கப் போனார், பாலம்மாள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். சூடம் அணைவதற்குள் காளிராஜ் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, ஆடியிலேயே நாள் கேட்டார். ஆடியிலா என்று சொந்தக்காரர்கள் வாய் பிளந்தார்கள். பிளந்த வாய்கள் அவரவர் வீட்டில் மூடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

ஆபரேஷன் நடந்த நேரம் பூராவும் பாலம்மாள் வெளியே பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். காளிராஜுக்கு உட்காரவே முடியவில்லை. காலில் உணர்ச்சி இல்லாமல் போய்விட்டால்? அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கக்கூட இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை. டாக்டரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்து, பிள்ளை கண் விழித்துவிட்டாள், கால் விரலை அசை என்றதும் அசைத்தாள் என்று சொன்ன பிறகுதான் காளிராஜ் பெஞ்சில் உட்கார்ந்தார்.

வளைவுக்குள் சுருண்டு கிடந்த உயரம், நிமிர்த்தியதும் வெளியே வரும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று காளிராஜ் நினைத்திருந்தார். அவளை முதன்முதலாக எழுப்பி நிறுத்திய அன்று, நர்ஸ் ஒரு பக்கமும் பாலம்மாள் ஒரு பக்கமும் பிடித்திருக்க, சுகிர்தா வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து எழுந்தாள். எழுந்தாள், எழுந்தாள், எழுந்துகொண்டே இருந்தாள் என்றுதான் அவருக்குத் தோன்றியது. அண்ணாச்சி ஒன்றும் வளர்த்தியான ஆள் இல்லை. கிட்டே போய் நின்றபோது மகளின் கண் அவர் கண்ணுக்கு மேலே இருந்தது.

சுகிர்தா அவரை மேலிருந்து பார்த்தாள். வலிக்கு நடுவிலும் அந்த வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்பா, ஒங்களுக்கு உச்சந்தலையில முடி கொட்டிப் போச்சுப்பா. எனக்கு இப்பத்தான் தெரியுது."

நன்றாகப் பார்க்கட்டும் என்று காளிராஜ் தலையை இன்னும் குனிந்து கொடுத்தார். அழுகிற முகத்தை மறைக்க அதைவிட நல்ல சாக்கு அவருக்குக் கிடைக்கவில்லை.