அவிழாத காப்பு

மதுவிலக்கு அமலில் இருந்த அந்தக் காலத்துப் பம்பாயில் குடிதண்ணீருக்குத்தான் அலைய வேண்டும். தாராவியில் சாராயம் வாசல் தேடி வரும். தோல் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த பதினேழு வயதில், நாற்றம் உறைக்காமலிருக்க ஒரு மடக்குக் குடித்தான் தங்கபாண்டி. பத்தொன்பதில் கை நடுங்காமலிருக்கக் குடித்தான். தாய் இசக்கியம்மாள் அழுதாள், ஏசினாள், சோற்றுப் பானையைக் கவிழ்த்து வைத்தாள். ஒன்றும் பலிக்கவில்லை.

அந்த வருஷம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் தீச்சட்டி எடுக்கிறேன் என்று அவனே காப்புக் கட்டிக்கொண்டான். அவளுக்கு நம்பிக்கையில்லை. கையில் மஞ்சள் கயிறு இருக்கும்வரை எந்தக் குடிகாரனும் தொடமாட்டான். அவிழ்த்த அன்றைக்குச் சேர்த்து வைத்துக் குடிப்பான். வருஷா வருஷம் அவள் பார்க்கிற கூத்துதானே! பையன் வியர்த்து, வாந்தியெடுத்து, சுவரில் முட்டிக்கொண்டு கிடந்தான். ஆனால் தொடவில்லை. சட்டி எடுத்தான், கொடையும் முடிந்தது.

பூசாரி பிரம்மநாயகம் ஒவ்வொரு கையாகக் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தார். குடிக் கூட்டாளிகள் தெருமுனையில் தயாராக நின்றார்கள். தங்கபாண்டி கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"ஏல, கைய நீட்டு."

"வேண்டாம் மாமா. இது கெடக்கட்டும்."

"கொடை முடிஞ்சும் காப்போட திரிஞ்சா தெய்வக்குத்தம்ல!"

இசக்கியம்மாளும், "நீட்டுல, அம்மன் சும்மா விடமாட்டா" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

மகன் அவள் காதோரம் குனிந்தான். "எம்மா, இது போச்சுன்னா நான் நேரா அங்கதான் போவேன்."

அவள் பிடியை விட்டாள். பூசாரிக்கும் மகனுக்கும் நடுவில் போய் நின்றாள். "குத்தம் வந்தா எனக்கு வரட்டும். நீரு அடுத்த ஆளப் பாரும்!"

தெருவே சிரித்தது. 'காப்புக்காரன்' என்று அவனுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். கயிறு கறுத்தது, தோல் ஊறுகிற தண்ணீரில் நைந்தது. அது அறுந்தால் என்ன ஆகுமோ என்று அவள் பயந்துகொண்டே இருந்தாள்.

தீபாவளி கழிந்து ஒரு மாலை, சோறு போடும்போது பார்த்தாள். மகனின் மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு அவன் கையைப் பிடித்தாள்.

"காப்பு எங்கல?"

அவனும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "தெரியலையேம்மா. என்னைக்கு விழுந்துச்சோ. நான் கவனிக்கல."

அவள் அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனாள். மத்தியானம் தின்ற பூண்டு வாடைதான் அடித்தது. சந்தோஷத்தில் அவள் அழுதுகொண்டே சிரித்த சத்தம் கேட்டு, அடுத்த வீட்டுச் சைனப் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தாள்.

"குழம்பு ஊத்தும்மா, பசிக்கி" என்று தங்கபாண்டி தட்டை நீட்டினான். அந்தக் கை நடுங்கவே இல்லை.