ஆறு சிலிண்டர் சகுனம்

நான்காவது மாப்பிள்ளையும் கைநழுவிப் போவதற்கு இன்னும் ஒரே ஒரு மேடு பாக்கி இருந்தது.

அந்த மேட்டில் கார் ஏறிக்கொண்டிருந்தது. ஏறியது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். முனகியது, இருமியது, மூக்கு வழியாக ஆவி விட்டது. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார் பரமத்தி வேலூர் சின்னுசாமிக் கவுண்டர். கூரை தாழ்வு என்பதால் தலைப்பாகை தலையில் இல்லை, மடியில் இருந்தது. பின் சீட்டில் முழங்காலுக்கும் முகவாய்க்கும் நடுவே தேங்காய் பழத் தட்டைச் செருகிக்கொண்டு, அவர் மனைவி முத்தாயம்மாள் குலதெய்வத்தைக் கூப்பிட்டாள். பக்கத்தில் அவளுடைய தம்பி தங்கசாமி. தாய்மாமன் என்ற முறைக்கு ஒன்று, தள்ளுவதற்கு ஒன்று என்று இரண்டு வேலைகளுக்காக அவனை அழைத்து வந்திருந்தார்கள்.

கார் சாதாரணக் கார் அல்ல. ஆறு சிலிண்டர். பந்தயத்தில் பறப்பதற்கென்றே சீமையில் செய்தது. போன வருஷம் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் கப்பலேறும் அவசரத்தில் அதைக் கவுண்டர் தலையில் கட்டினார். சாவியைக் கொடுக்கும்போது துரை சிரித்தார். மலை இறங்கி முடிக்கும்வரை கவுண்டரும் சிரித்தார். இறக்கத்தில் அப்படிப் பறந்தது வண்டி! சமவெளிக்கு வந்த பிறகுதான் துரை எதற்குச் சிரித்தார் என்பது விளங்கியது.

ஆறு சிலிண்டரும் பாகம் பிரியாத ஆறு பங்காளிகள் மாதிரி. ஒன்று வேலை செய்தால் மற்றொன்று முறைத்துக்கொள்ளும். ஆறும் ஒன்றாக ஓடி யாரும் கேட்டதில்லை. ஆனாலும் கவுண்டர் விடவில்லை. கூப்பிடு தூரத்தில் இருக்கும் வாழைத் தோட்டத்துக்கும் கார். சந்தைக்கு வெற்றிலைக் கட்டும் காரில். திரும்பும்போது புண்ணாக்கு மூட்டையும் காரில். நடந்து போனவர்கள் வேலையை முடித்துவிட்டு வந்து, வழியில் நிற்கும் காரைத் தள்ளிக் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

இதெல்லாம் சிரிப்போடு போயிருக்கும். மகள் சௌந்திரத்தின் கல்யாணத்தில் வந்து முட்டியதுதான் வினை.

கவுண்டர் வீட்டில் ஒரு வழக்கம். சம்பந்தம் பேசப் போகும் வண்டி வழியில் நின்றுவிட்டால் அப்படியே திரும்பிவிட வேண்டும். அந்த இடத்தைப் பற்றி மறுபேச்சுக் கூடாது. மாட்டு வண்டிக்கு ஏற்பட்ட வழக்கம் அது. கவுண்டர் வீட்டுக் காளைகள் எந்தக் காலத்திலும் நடுவழியில் படுத்ததில்லை. பெண்களும் ஒழுங்காகக் கல்யாணமாகிப் போனார்கள். கவுண்டர் அதே வழக்கத்தைக் காருக்கும் நீட்டினார். நாமகிரிப்பேட்டை மாப்பிள்ளை ரேடியேட்டரோடு போனான். ராசிபுரத்தான் டயரோடு. நாமக்கல்லான் பெட்ரோலோடு.

இப்போது சங்ககிரிப் பக்கத்துக் கந்தவேல். திருச்செங்கோட்டுத் தேருக்குப் போனபோது சௌந்திரமே பார்த்துப் பிடித்துப்போன பையன். காலையில் புறப்படும்போது அவள் அம்மாவின் காதில், "அம்மா, இதுவும் நின்னு போச்சுன்னா எனக்கு வேற எடம் பாக்க வேண்டாம்" என்றாள். சொன்னதற்கப்புறம் அழவில்லை. அதுதான் முத்தாயம்மாளுக்குப் பயமாக இருந்தது.

"ஏனுங்க, கட்டை வண்டியிலயே போயிரலாமுங்க" என்று புறப்படுமுன்பே அவள் சொல்லிப் பார்த்தாள்.

"ஆறு சிலிண்டர் ஊட்ல நிக்கறப்போ மாட்டு வண்டியில போனா சம்பந்தக்காரன் என்னன்னு நெனைப்பான்?"

மேட்டின் உச்சி. கார் ஒரு குலுக்குக் குலுக்கியது. டப்! நின்றுவிட்டது.

கீழே, இறக்கம் முடியும் இடத்தில், கந்தவேலின் தோட்டமும் ஓட்டு வீடும் வாசலில் சோளத்தட்டுப் போரும் பளிச்சென்று தெரிந்தன.

"போச்சு! சகுனத் தடை. திருப்பு வண்டியை" என்றார் கவுண்டர், தாமே ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறோம் என்பதை மறந்து.

முத்தாயம்மாளுக்கு மகளின் அழாத முகம் நினைவுக்கு வந்தது. மெதுவாகக் கேட்டாள்:

"திருப்போணும்னா இஞ்சின் ஓடோணுமுங்களே?"

"ஆமா."

"இஞ்சின் ஓடோணும்னா பள்ளத்துல உருளோணுமுங்களே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"பள்ளம் எந்தப் பக்கமுங்க இருக்குது?"

கவுண்டர் முன்னால் பார்த்தார். பின்னால் பார்த்தார். பின்னால் ஏறி வந்த பாதை. கார் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. முன்னால் வழுக்குப்பாறை மாதிரி இறக்கம்.

"சரி, உருட்டுங்க. இஞ்சின் புடிச்சதும் திருப்பிருவேன். அந்தூட்டு வாசலைக்கூட மிதிக்க மாட்டேன்."

அக்காவும் தம்பியும் இறங்கித் தள்ளினார்கள். கார் உருண்டது. வேகம் பிடித்தது. இஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. கவுண்டர் பிரேக்கை மிதித்தார். அது கால் போன இடத்துக்கெல்லாம் கூடவே போனது.

"மச்சான், பிரேக்கு! பிரேக்கு!" என்று கத்தியபடி தங்கசாமி பின்னால் ஓடினான்.

"மிதிச்சுட்டுத்தான் இருக்கறேன்டா மாப்ளே!"

கோழிகள் சிதறின. கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டது. கார் நேராக வாசலுக்குள் பாய்ந்து சோளத்தட்டுப் போருக்குள் மூக்கை நுழைத்தது. அந்தக் கணத்தில் பட்டாசு வெடித்தாற்போல் ஒரு சத்தம். இஞ்சின் உயிர் பெற்றது! துரையின் கையில்கூட அப்படிப் பாடியிருக்காது. பின்சக்கரங்கள் மண்ணை வாரி வீட்டுக் கதவில் அடித்தன.

கந்தவேலின் அப்பா குழந்தைவேல் தடியோடு வந்தார். "யாருய்யா அது? எங்க மாட்டுத் தீனிக்குள்ள யாருய்யா?"

போருக்குள்ளிருந்து சோளச் சருகு தலையில் ஒட்டியபடி கவுண்டர் இறங்கினார். முகத்தில் பரவசம்.

"கேளுங்க! ஆறும் ஓடுது! வாங்குன நாள்ல இருந்து இன்னிக்குத்தான் ஆறும் ஒண்ணா ஓடுது! இதைவிட என்னங்க சகுனம் வேணும்?"

இதற்குள் முத்தாயம்மாள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள். கந்தவேல் காருக்குள் தலையை விட்டுத் தேங்காய் பழத் தட்டை மீட்டு அவள் கையில் கொடுத்தான். குழந்தைவேல் தட்டைப் பார்த்தார், போரைப் பார்த்தார்.

"சம்பந்தம் பேச வந்தீங்களா, போர் பிரிக்க வந்தீங்களா?"

"ரெண்டும் ஒண்ணாவே முடிஞ்சுருச்சுங்க" என்றான் தங்கசாமி.

குழந்தைவேல் சிரித்துவிட்டார். அப்புறமென்ன, பாயை விரித்தார்கள், வெற்றிலை மாற்றினார்கள். எல்லாம் சுபம் என்று எழுந்திருக்கும் சமயம் கவுண்டர் நெஞ்சை நிமிர்த்தி, "சீரோட சீரா இந்தக் காரையும் மாப்பிள்ளைக்கே குடுத்தர்றேன்!" என்றார்.

குழந்தைவேலின் கை, மாற்றிய வெற்றிலையைத் திருப்பி வைக்கப் போவதுபோல் தட்டை நோக்கி நீண்டது. முத்தாயம்மாள் பாய்ந்தாள்.

"அது எங்களுக்கு மூத்த புள்ளையாட்டங்க. அதை ஊட்டை உட்டு அனுப்ப மாட்டமுங்க!"

நீண்ட கை மடங்கியது. "அப்படீங்களா சம்பந்தியம்மா? புள்ளையைப் பிரிக்கறது பாவமுங்க. எங்க காளைகளைப் பூட்டியே கொண்டுபோய் ஊட்ல உட்டுட்டு வரச் சொல்றேன்" என்றார் குழந்தைவேல்.

போருக்குள் கொஞ்ச நேரம் பாடிய இஞ்சின், அதற்குள் மௌன விரதத்துக்குத் திரும்பியிருந்தது.

மறுநாள், காளைகள் இழுக்க, கவுண்டர் ஹாரன் அடிக்க, கார் பரமத்தி வேலூருக்குள் நுழைந்தது. வாசலில் சௌந்திரம் அதைப் பார்த்ததும் வெளுத்துப் போனாள்.

"வழியில நின்னுருச்சாம்மா?"

"நிக்க உடலை கண்ணு. நேரா மாப்பிள்ளை ஊட்டுப் போருக்குள்ள போயித்தான் நின்னுது. தை மாசம் கல்யாணம்."

சௌந்திரம் அப்போதுதான் அழுதாள். கவுண்டர் காரின் மூக்கைத் தட்டிக் கொடுத்தார்.

"எல்லாம் இதோட ராசி! முகூர்த்தத்துக்கு உன்னை இதுலதான் கூட்டிட்டுப் போறேன் பாரு."

சௌந்திரம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நீங்க இதுலயே வாங்கய்யா. நான் மொத நாளே நடந்து போயிக்கறேன்."