பேதுருவின் நாற்காலி

வலது காலை முக்காலியின் மேல் தூக்கி வைத்துக்கொண்டு நாட்டைத் திட்டுவதுதான் பொலிகார்ப்போ சுமகாய்சாயின் காலை வேலை. மணிலாவிலிருந்து வானொலிக்காரர் ஒன்று சொன்னால், பானாய்த் தீவின் கடலோரத்தில், சாந்தா மோனிகா ஊரில், தன் வீட்டு முன்னறையில் இருந்தபடி இவர் இரண்டு சொல்வார். வானொலிக்காரர் இடையில் விளம்பரத்துக்குப் போவார். கார்ப்போ போகமாட்டார்.

அந்த நேரத்தில் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்து புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருப்பவள் சல்வா, ஊர் சுகாதார நிலையத்து நர்ஸ். வேலைக்குப் போகிற வழியில் தினமும் வந்துவிட்டுப் போவாள். அவரை 'மனோங்' என்பாள், ஊர்ப் பேச்சில் அண்ணன். கார்ப்போவுக்குச் சர்க்கரை வியாதி பழையது. உள்ளங்காலில் வந்த புண்தான் புதியது. அதில் ஈரம் படவே கூடாது, பட்டால் முதலில் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அதற்கப்புறம் எதுவரை போகும் என்று சொல்லமுடியாது என்று நகரத்து டாக்டர் எச்சரித்திருந்தார். அந்த டாக்டர் மேல் கார்ப்போவுக்கு மரியாதை உண்டு. டாக்டரின் அப்பாவும் டாக்டர். வம்சமாக வருகிற எதையும் அவர் மதிப்பார்.

"விவாகரத்துச் சட்டத்தை மறுபடியும் சபைக்குக் கொண்டு வர்றானுங்களாம்" என்றார் அன்று.

"வரட்டும் மனோங். நான்கூட ஆதரவா கையெழுத்து வாங்கிட்டு இருக்கேன். பேப்பர் பையிலதான் இருக்கு, எடுக்கவா?"

"அதுக்கு நீ புண்ணுல உப்பை வை."

சல்வாவின் புருஷன் சவூதிக்கு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டான். இங்கே விவாகரத்து கிடையாது என்பதால் சட்டப்படி அவள் இன்னும் அவன் பெண்டாட்டி. இது ஊருக்கே தெரியும். அதனால் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் கார்ப்போ குரலைக் கொஞ்சம் தணித்துக்கொள்வார். கருத்தைத் தணிக்கமாட்டார்.

"நம்ம எம்.பி. தோன் எவாரிஸ்தோ இருக்கிற வரைக்கும் அந்தச் சட்டம் வராது. குடும்பம்னா அவருக்கு உசுரு."

"இருக்காதா பின்ன? மூணு குடும்பமாச்சே."

"இருக்கட்டும். ஒண்ணையாவது கைவிட்டாரா? மூணையும் வச்சுக் காப்பாத்துறாரு."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி கொன்சிங்கின் குரல் வந்தது. "இங்க ஒருத்திக்கு விறகு எடுத்துக் குடுக்க ஆள் இல்ல. ஊரான் பெண்டாட்டி மூணு பேரையும் எண்ணுறாரு."

கார்ப்போ வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஆனால் அந்த வாரம் அவர் மனம் சட்டசபையில் இல்லை. பெரிய வியாழன் நெருங்கிக்கொண்டிருந்தது. அன்று மாலைப் பூசையில், இயேசு தன் சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாக, பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள் போட்டு, அங்கி உடுத்திய பன்னிரண்டு ஆண்களை அப்போஸ்தலர்களாக உட்கார வைப்பார்கள். பங்குச்சாமி மண்டியிட்டு ஒவ்வொருவராக வலது காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். முதல் நாற்காலி பேதுருவுடையது. அதில் கார்ப்போவின் அப்பா உட்கார்ந்தார், அவர் போனபின் கார்ப்போ. உட்கார்ந்தவர் சாகும்வரை அது அவருக்குத்தான். ஆனால் ஒரு வருஷம் வராமல் போனாலும் அடுத்த நாற்காலிக்காரர் நகர்ந்து வந்துவிடுவார், அப்புறம் அவர் சாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். இப்படி எந்தப் புத்தகத்திலும் எழுதியில்லை. எழுதாத சட்டத்தைத்தான் சாந்தா மோனிகாவில் யாரும் மீறுவதில்லை.

அடுத்த நாற்காலிக்காரர், அதாவது அந்திரேயாவாக உட்காருபவர், மீன் வியாபாரி ஃபிதெலினோ. எதிர்க்கட்சி. சந்தையில் கொன்சிங்கைப் பார்க்கும்போதெல்லாம், "அண்ணன் கால் எப்படி இருக்கு?" என்று விசாரிப்பார்.

"பாத்தியா, எவ்வளவு அக்கறை" என்பாள் கொன்சிங்.

"அக்கறையா? நிலவரம் கேக்குறான்டி. ஓட்டு எண்ணும்போது கேக்குற மாதிரி" என்பார் கார்ப்போ.

குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள் பங்குச்சாமி ஃபாதர் ஜெர்வின் வீட்டுக்கு வந்தார். வயது குறைந்தவர், கிதார் வாசிப்பவர். அந்த இரண்டையுமே கார்ப்போ இன்னும் மன்னிக்கவில்லை. கொன்சிங் காப்பியும் அரிசிப் பலகாரமும் கொண்டுவந்து வைத்தாள். பலகாரத்தைக் கணவர் கைக்கு எட்டாத பக்கமாக வைத்தாள்.

"ரெண்டு விஷயம் மனோங்" என்று ஃபாதர் ஆரம்பித்தார். "யூதாஸ் நாற்காலி காலியா இருக்கு."

அது ஒவ்வொரு வருஷமும் உள்ள தலைவலிதான். யூதாஸாக உட்கார்ந்தவன் அடுத்த தேர்தலில் தோற்பான் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. அதனால் வார்டு உறுப்பினர்கள் முதல் வார்டு உறுப்பினராக ஆசைப்படுகிறவர்கள் வரை எல்லாரும் ஓடி ஒளிந்துகொள்வார்கள். ஓட்டே போடாத ஒரு கிழட்டுத் தையல்காரர்தான் பல காலமாக அதில் உட்கார்ந்திருந்தார். மழைக்காலத்தில் அவரும் போய்விட்டார்.

"சல்வா உட்காருறேன்னு சொல்லிட்டாங்க" என்றார் ஃபாதர்.

கார்ப்போ காப்பியைக் கீழே வைத்தார். "பொம்பளையா?"

"ரோமாபுரியே அனுமதிச்சாச்சு மனோங்."

"ரோமாபுரி ஆயிரம் சொல்லும். யூதாஸ் துரோகிதான், ஒத்துக்கறேன். ஆனா ஆம்பளை. துரோகம் பண்ணிட்டாங்கிறதுக்காக அவனைப் பொம்பளையாக்க முடியுமா?"

"இல்ல, அவங்க அந்த இடத்துக்கு..."

"இது வேற எங்க போய் நிக்கும்? நாளைக்கு மாதாவா மீசை வச்சவன் நிப்பான்."

ஃபாதர் சிரிப்பைக் காப்பியோடு சேர்த்து விழுங்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ரெண்டாவது விஷயம் உங்க கால். தண்ணி படக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காராம். இந்த ஒரு வருஷம் ஃபிதெலினோ உங்க இடத்துல..."

"ஃபிதெலினோ உட்கார்ந்தா எழுந்திரிக்க மாட்டான்."

"நான் எழுப்பி விடுறேன்."

"உங்களை அதுக்குள்ள மேற்றிராணியார் வேற ஊருக்கு மாத்திருப்பாரு."

அது உண்மைதான். ஃபாதர் ஒரு பலகாரத்தை எடுத்துக்கொண்டார். கார்ப்போவுக்கு இருந்த பயமே வேறு. அடுத்த வியாழனுக்கு, அதாவது அடுத்த வருஷத்துக்கு, தான் இருப்போமா என்பதுகூட இல்லை. இந்த வருஷம் நாற்காலியை விட்டுவிட்டால், மீதி இருக்கிற நாளெல்லாம் ஊருக்கு அவர் வெறும் சர்க்கரை வியாதிக்காரர். கோவிலில் பின்வரிசையில், விசிறியோடு உட்காரும் பல கிழவர்களில் ஒருவர்.

அவர் தன் கால்களைப் பார்த்தார். கட்டுப் போட்டது ஒன்று. சும்மா இருந்தது ஒன்று.

"ஃபாதர்" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "இடது காலைக் கழுவினா என்ன?"

ஃபாதர் நிதானமாக மென்று விழுங்கினார். "இடதா? இந்தப் பங்குல இதுவரைக்கும் அப்படி வழக்கமே கிடையாதே மனோங்."

அந்த வாக்கியத்தைக் கார்ப்போவே அந்தச் சாமியாரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். கிதாருக்கு, புது ஒலிபெருக்கிக்கு, சின்னப் பெண்கள் பீடத்தில் உதவி செய்வதற்கு. திருப்பிக் கேட்கும்போது அதன் சுவை வேறு மாதிரி இருந்தது.

"நீங்க ஒரு மாற்றம் கேக்குறீங்க" என்றார் ஃபாதர். "நானும் ஒண்ணு கேக்குறேன்."

"இது அரசியல்."

"ஆமா."

கார்ப்போ காப்பியைக் குடித்து முடித்தார். "சரி. அவ கடைசி நாற்காலி. ஆனா கால் விஷயம் வெளிய போகக்கூடாது. நான் பாட்டுக்கு இடதை நீட்டுவேன், நீங்க பாட்டுக்குக் கழுவிட்டுப் போங்க. தரையோட அங்கி கிடக்கும். யாருக்குத் தெரியப்போவுது?"

அன்று மதியம் படுத்திருக்கையில் அவர் பேதுருவோடு பேசினார். ஒரே பதவியில் இருப்பவர் என்ற உரிமையில் கொஞ்சம் வெளிப்படையாகவே பேசினார். நான் வழக்கத்தை மாற்றவில்லை, காலைத்தான் மாற்றினேன் என்றார். ஒரு முறைதான் என்றார். தேவை என்று வரும்போது சற்று வளைந்துகொடுப்பது உமக்கும் தெரியாததல்ல என்று சொல்ல நினைத்து, சேவல் கூவுமுன் அவர் இயேசுவைத் தெரியாது என்ற அந்த விவகாரத்தைக் கிளறுவது மரியாதையில்லை என்று விட்டுவிட்டார். பதில் வரவில்லை. கார்ப்போ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

பெரிய வியாழன் அன்று சாந்தா மோனிகாவில் அப்போஸ்தலர் வீடு எது என்று வாசலைப் பார்த்தே சொல்லிவிடலாம். வாசலில் ஒரு பக்கெட் இருக்கும், ஒருவர் வலது காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார். பங்குச்சாமி முத்தமிடப் போகிற கால் ஆயிற்றே. கடற்கல், சோப்பு, எலுமிச்சைச் சாறு என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை உண்டு. நகம் வெட்டி, வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவி, பூசை மணி அடிக்கும்வரை அந்தக் காலைத் தரையில் ஊன்றாமல் வைத்திருப்பார்கள். வலது காலை மட்டும்தான். இடது கால் செருப்புக்குள் இருக்கப்போவது, அதைக் கவனிப்பது வீண் வேலை. அன்று கொன்சிங் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கணவரின் இடது காலைத் தேய்த்தாள்.

"கல்யாணத்தன்னைக்குக்கூட இவ்வளவு சுத்தமா இல்ல" என்றாள்.

கோவிலில் கூட்டம் வாசல்படிவரை நின்றது. கார்ப்போ தடியூன்றி நடந்துவந்து பேதுருவின் நாற்காலியில் அமர்ந்தார். பக்கத்தில் ஃபிதெலினோ எண்ணெய் பளபளக்க உட்கார்ந்திருந்தார். வரிசையின் அந்தக் கோடியில், தன் அளவுக்குப் பெரிய பழுப்பு அங்கியில் சல்வா.

சடங்கு தொடங்கியது. ஃபாதர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். கோவில்பிள்ளை பேசினையும் குடத்தையும் எடுத்து வந்தார். கார்ப்போ மிக இயல்பாக, ஊரே பார்க்க, இடது காலின் செருப்பைக் கழற்றினார்.

ஒன்றை அவர் யோசிக்கவில்லை. எப்போது எழுவது, எப்போது உட்காருவது, எப்போது சிலுவை போடுவது என்று மற்ற அப்போஸ்தலர்கள் இத்தனை காலமும் பார்த்து நடந்தது பேதுருவை. வழக்கம் தெரிந்தவர் அவர்தான் என்று அவரே அவர்களுக்குச் சொல்லிச் சொல்லிப் பழக்கியிருந்தார்.

ஃபிதெலினோ தன் வலது காலை நீட்டியிருந்தார். பேதுருவின் பாதத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். முகம் வெளுத்தது.

"அண்ணே, இடதா?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டார்.

கார்ப்போ பீடத்தைப் பார்த்தார்.

"எப்ப மாத்தினாங்க? ரோம்ல இருந்து வந்துதா?"

கார்ப்போ பீடத்தையே பார்த்தார். ஃபிதெலினோ வலது காலை அவசரமாக அங்கிக்குள் இழுத்துக்கொண்டு, மறுபக்கம் திரும்பி "இடது" என்று யாக்கோபிடம் சொன்னார். யாக்கோபு யோவானிடம் சொன்னார். வரிசை முழுக்கச் செருப்புகள் கழன்றன, மாட்டின, கழன்றன.

ஃபாதர் பேதுருவின் காலைக் கழுவி முத்தமிட்டு, அடுத்த நாற்காலிக்கு நகர்ந்து, நின்றுவிட்டார். மீன் வியாபாரியின் இடது கால் காலையில் சந்தையிலிருந்து வந்தபடியே கழுவாத கால். செதில்கள் மின்னின. அதற்கடுத்தது டிரைசைக்கிள் ஓட்டுபவரின் கால், கணுக்காலுக்குக் கீழே முழுக்க இஞ்சின் எண்ணெய். அதற்கடுத்தவர் வயலில் நாற்று நட்டுவிட்டு வந்தவர். பிலிப்பின் கட்டைவிரல் நகத்தில் பேத்தி பூசிவிட்ட ரோஸ் நிறச் சாயம். பேசின் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் கோவில்பிள்ளை புதுத் தண்ணீர் எடுக்க ஓடினார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அந்த இருமல் வரிசை வரிசையாகப் பின்னால் பரவியது. பாடகர் குழுவில் நடுக்குரல்காரர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

ஃபாதர் முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஒவ்வொரு காலையும் நிஜமாகவே தேய்த்துக் கழுவினார். முத்தமிடும்போது மூச்சை மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்.

கடைசி நாற்காலிக்கு வந்தார். சல்வா அமைதியாக வலது காலை நீட்டினாள், சுத்தமான காலை, காலங்காலமாக நீட்டவேண்டிய முறைப்படி. அந்தப் பன்னிரண்டு பேரில் சாந்தா மோனிகாவின் வழக்கத்தைக் காப்பாற்றியது அன்று அவள் ஒருத்திதான். கார்ப்போ அதைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க நிறைய முயன்றார்.

மறுநாள் பெரிய வெள்ளி. வானொலி போடக்கூடாத நாள் என்பதால் வீடு அமைதியாக இருந்தது. சல்வா கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது ஃபிதெலினோ வாசலில் வந்து நின்றார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாண்ணே? என் பேத்தி என்னைப் பாத்து மூக்கைப் பொத்துறா."

கார்ப்போ எதிர்க்கட்சிக்காரர்களிடம் எப்போதும் மறுத்தே பழகியவர். இன்று மறுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. "சொன்னா நாற்காலியை நீ எடுத்துக்குவேன்னு பயந்தேன்" என்றார்.

"எதை, பேதுருவையா?" ஃபிதெலினோ நிஜமாகவே திகைத்தார். "எனக்கு எதுக்குண்ணே அது? முதல் ஆளா நீட்டணும், ஊரே பாக்கும், முதுகை வளைக்க முடியாது. என் நாற்காலிக்குப் பின்னாடி தூண் இருக்கு. பிரசங்கம் பூரா சாஞ்சுட்டுத் தூங்குவேன்."

"அப்ப சந்தையில காலைப் பத்தி ஏன் விசாரிச்சே?"

"காலுக்கு எப்படி இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"யாருக்குமே வேணாமா அந்த நாற்காலி?"

"யாக்கோபுக்கு மூட்டுவலி. யோவானா உட்கார்ற பையன் துபாய் போறான். யாருக்குண்ணே வேணும்?"

ஃபிதெலினோ போனபிறகு கார்ப்போவின் கை, போடக்கூடாத வானொலிப் பக்கம் போய்த் திரும்பியது. நாற்காலியைப் பறிகொடுக்கப் போகிறோம் என்ற பயத்தைவிட, பறிக்க ஆளே இல்லை என்பது அதிகமாக வலித்தது.

"இந்த நாடு எங்க போகுது பாத்தியா" என்றார் கடைசியில். "பேதுரு நாற்காலிக்கு ஒரு போட்டி இல்ல."

"நான் உட்காருறேன் மனோங்" என்றாள் சல்வா, புண்ணைப் பார்த்தபடியே. "உங்களுக்கு அப்புறம். எனக்கு எந்தக் காலை நீட்டணும்னு தெரியும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. கொன்சிங் காது கொடுக்கிறாள் என்று அர்த்தம்.

கார்ப்போ யோசித்தார். அவருக்கு எதிராக ரோமாபுரி இருந்தது, நேற்றைய பதினொரு இடது கால்கள் இருந்தன, இதோ அவர் பாதத்தை மடியில் வைத்திருக்கும் இந்தப் பெண்ணும் இருந்தாள். தனக்குச் சார்பாகத் தேடிப் பார்த்ததில் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது.

"வந்த மறுநாளே தலைமைப் பதவி கேக்குறதா?" என்றார். "அதெல்லாம் வரிசைப்படிதான். முதல்ல யூதாஸா ஒழுங்கா உட்காரு. அப்புறம் ததேயு, சீமோன், அப்படியே மேல வா. நானும் அவசரப்பட்டுப் போறதா இல்ல."

"சரி மனோங்" என்றாள் சல்வா. பழைய பிளாஸ்திரியின் நுனியைப் பிடித்து, தேவைக்குமேல் கொஞ்சம் வேகமாகவே இழுத்தாள்.

அந்தப் பாதத்தில் உணர்ச்சி போய் மாதக்கணக்காகிறது. ஆனாலும் கார்ப்போ அவளுக்காக ஒருமுறை முகத்தைச் சுளித்துக் காட்டினார்.